கிளிஃப்ஸ் என்பதைத் துருக்கிய மொழியில் எப்படிச் சொல்வது

ஆங்கிலத்தில் கிளிஃப் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கடலோரப் பாறைச் சுவர், மலைப்பாதையின் ஓரத்தில் திறந்துகிடக்கும் அதலபாதாளம், ஆறு அரித்த கரை என எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறார்கள். துருக்கிய மொழியில் அந்த வசதி இல்லை. அகராதியைத் திறந்தால் உச்சுரும் (uçurum), கயலுக் (kayalık), ஃபலெஸ் (falez), யர் (yar), யலுயர் (yalıyar) என்று ஐந்து சொற்கள் வரிசையாக நிற்கும், எதை எங்கே போடுவது என்று பெரும்பாலும் ஒரு குறிப்பும் இருக்காது. நிறையப் பேர் முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சில இடங்களில் அது பொருந்திவிடும், மற்ற இடங்களில் சுற்றுலா விளம்பரத்தை எழுதப் போய் விபத்துச் செய்தியை எழுதி வைத்திருப்பீர்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சொல்லைத் தேடுவதற்கு முன்னால், உங்கள் வாக்கியத்தில் பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். உச்சியில் நின்று கீழே பார்க்கிறாரா, அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறாரா, பாறையின் காலடியில் கடல் இருக்கிறதா, அது பாறையா வெறும் மண்ணா. இந்த நாலு கேள்விக்கும் விடை தெரிந்தால் சொல் தானாக வந்துவிடும்.

முதலில் ஆங்கிலச் சொல்லையே சரியாகப் பிடித்துக்கொள்வோம். கிளிஃப் என்றால் ஏறக்குறைய நேர்குத்தாக நிற்கும் உயரமான பாறைப் பரப்பு, பெரும்பாலும் கடலை ஒட்டியது. வெறும் சரிவு கிளிஃப் ஆகாது, நடந்து ஏற முடிகிற எதுவும் ஆகாது. பன்மைக்கு எஸ் சேர்த்தால் போதும். லீஃப் என்பது லீவ்ஸ் ஆவதுபோல் இது கிளிவ்ஸ் ஆகாது. (பழைய ஆங்கிலத்தில் இதற்கு வேற்றுமை ஏறிய வடிவம் இருந்தது, அதிலிருந்து வந்த ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும்தான் கிளைவ். ஆற்காட்டுக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கி நின்ற ராபர்ட் கிளைவின் பெயருக்கும் செங்குத்துப் பாறைதான் வேர்.) தமிழில் செங்குத்துப் பாறை என்கிறோம், பள்ளிப் புவியியலில் கடல் ஓங்கல் என்று படித்திருப்பீர்கள். ஓங்கல் என்பது ஓங்கி நிற்பது, அதாவது கீழே நிற்பவன் வைத்த பெயர். துருக்கியர்கள் அதிகம் புழங்கும் உச்சுரும் என்பதோ மேலே நிற்பவன் வைத்த பெயர். உச் என்றால் பற, உச்சுர் என்றால் பறக்கவிடு. அந்த வேரில் பிறந்த சொல்லில் பாறையைவிட அதற்கு முன்னால் இருக்கிற வெறும் காற்றுதான் பெரிதாகத் தெரிகிறது.

உச்சரிப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. துருக்கிய உயிர்கள் பொதுவாகக் குறில்கள், நீட்டாதீர்கள். உச்சுரும் என்பதில் ச்ச என்று அழுத்த வேண்டியதில்லை, ஒற்றை வல்லின ச போதும்; தமிழில் உசுரும் என்று எழுதினால் ஸ ஒலி வந்துவிடுகிறது என்பதால்தான் இப்படி எழுதுகிறேன். அடுத்தது புள்ளியில்லாத ஐ (ı) என்ற லத்தீன் எழுத்து. ஆங்கிலம் வழியாகத் துருக்கிய மொழி கற்பவர்களுக்கு இது பெரிய தலைவலி, நமக்கோ இனாம். காசு, பாட்டு, வந்து என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கிற குற்றியலுகரம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே ஒலிதான். கயலுக், யலுயர் இரண்டிலும் லு வருகிற இடத்தில் உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள், சரியாக வந்துவிடும். தட்டச்சு செய்யும்போது மட்டும் புள்ளி வைத்த ஐ வேறு, வைக்காத ஐ வேறு என்பதை மறக்க வேண்டாம். 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோதே இரண்டையும் தனித்தனி எழுத்தாக வைத்துவிட்டார்கள். தேடுபொறி உங்களை மன்னித்துவிடும், அச்சில் போனால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

உச்சுரும் என்பது விழுந்தால் போச்சு என்கிற இடம். மலைச்சாலை விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: அரப உச்சுரும யுவர்லந்து, அதாவது கார் பள்ளத்தில் உருண்டது. உச்சுருமுன் கெனருந்த துர்ம என்றால் விளிம்பில் நிற்காதே. இரண்டிலும் பாறையின் நிறம், வடிவம், அழகு எதுவும் பேச்சில் இல்லை, ஆழமும் ஆபத்தும்தான் இருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் பிரெசிபிஸ் (செங்குத்து விளிம்பு) என்று வந்தாலும் இதே சொல் பொருந்துகிறது, அபிஸ் (அதலபாதாளம்) என்று வந்தாலும் பல இடங்களில் பொருந்துகிறது. சாலையோரம் கீழே இறங்குவது பாறையா, புல் முளைத்த மண்சரிவா என்பதைக்கூட இந்தச் சொல் கண்டுகொள்வதில்லை, இறக்கம் பயங்கரமாக இருந்தால் சரி.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. இரண்டு பேருக்கு நடுவே ஏணி வைத்தாலும் எட்டாத இடைவெளி இருந்தால் அரலருந்த உச்சுரும் வர் என்பார்கள், அவர்களுக்கு நடுவே உச்சுரும் இருக்கிறது என்று. வருமான ஏற்றத்தாழ்வுக்குக் கெலிர் உச்சுருமு. 2012 கடைசியில் அமெரிக்காவில் வரி உயர்வும் செலவுக் குறைப்பும் ஒரே நேரத்தில் அமலுக்கு வரப்போகிறது என்று பதறினார்களே, அந்த ஃபிஸ்கல் கிளிஃபுக்குத் துருக்கிய ஊடகங்கள் மாலி உச்சுரும் என்றுதான் எழுதின. ஆக, பொருளாதாரம், அரசியல், மனித உறவு பற்றிய பேச்சில் கிளிஃப் வந்தால் மற்ற நாலு சொற்களையும் மறந்துவிடுங்கள், உச்சுரும் ஒன்றுதான். மாலி ஃபலெஸ் என்று யாராவது எழுதினால் படிப்பவர் கருவூலத்தைக் கடற்கரையில் கட்டியிருக்கிறார்களா என்று கேட்பார்.

கயலுக் வேறு மாதிரி. கய என்றால் பாறை, லுக் என்பது இடத்தைக் குறிக்கும் விகுதி, ஆகப் பாறைகள் நிறைந்த இடம். இதில் உயரம் கட்டாயம் இல்லை. கடலில் இடுப்பளவு தண்ணீரில் தலை நீட்டுகிற பாறைக் கூட்டமும் கயலுக்தான், நூறு மீட்டர் சுவரும் கயலுக்தான். பன்மையில் கயலுக்லர் என்று போட்டால் ஆங்கில கிளிஃப்ஸுக்கு நெருக்கமாக வரும், படங்களின் துணைத்தலைப்புகளிலும் கதை மொழிபெயர்ப்புகளிலும் நிறையத் தென்படுவது இதுதான். உயரத்தையும் செங்குத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ஓர் அடை சேர்க்க வேண்டும். திக் என்றால் செங்குத்தான. சர்ப் என்றால் செங்குத்தும் கரடுமுரடும் சேர்ந்தது, ஏறிப்போக முடியாதது. (ஜார்ஜிய எல்லையில் ஆர்த்வின் மாகாணத்தில் இருக்கிற எல்லைக் கடவுக்கும் சர்ப் என்றுதான் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) திரப்சோனுக்குத் தெற்கே மச்காவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், மலைச்சுவரில் ஒட்டிவைத்ததுபோல் இருக்கும் சுமேலா மடத்தைப் பற்றி எந்தத் துருக்கியக் குறிப்பைப் படித்தாலும் சர்ப் என்ற சொல்லோ திக் என்ற சொல்லோ கண்ணில் படாமல் போகாது. அங்கே எழுதுபவர் பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். அதே மடத்தின் சாளரத்திலிருந்து கீழே பார்த்து எழுதினால் உச்சுரும் வந்துவிடும். கல் ஒன்றுதான், கண்தான் இடம் மாறுகிறது.

இனி ஃபலெஸ். பிரெஞ்சு ஃபலேஸிலிருந்து வந்த சொல், கடலோரச் செங்குத்துப் பாறைக்கு மட்டும். நிலவியல் கலைச்சொல்லாகத் தொடங்கினாலும் இன்று மத்தியதரைக் கடலோர நகரமான அந்தாலியாவில் சிறு பிள்ளைகூடச் சொல்கிற சொல். காரணம் அந்த ஊரின் அமைப்பு. சுண்ணாம்பு கலந்த நீர் காலங்காலமாகப் படியவைத்த துளைத்துளையான கல்மேடையின் மேல்தான் நகரம் உட்கார்ந்திருக்கிறது, அந்த மேடை திடீரென்று முடிந்து நேராகக் கடலில் இறங்குகிறது. மேற்கே கொன்யால்து கடற்கரை, கிழக்கே லாரா கடற்கரை, இரண்டுக்கும் நடுவே இந்தச் சுவர். கீழ் தூதென் அருவி சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து நடுவில் எங்கும் நிற்காமல் கடலிலேயே விழுவது இதனால்தான். அங்கே பூங்கா, நடைபாதை, தேநீர்க்கடை எல்லாம் ஃபலெஸ் மேல்தான், விபத்துச் செய்தியும் ஃபலெஸ்லெர்தென் துஷ்து என்றுதான் வரும், ஃபலெஸ்களிலிருந்து விழுந்தார் என்று. விபத்து என்றால் உச்சுரும் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது இடிக்கும். ஓர் இடத்துக்கு உள்ளூரில் நிலைத்துவிட்ட பெயர் இருந்தால் அது எல்லா விதியையும் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

இந்த ஃபலெஸ் எப்படி உண்டாகிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துவைத்தால் சொல் தேர்வு எளிதாகும். அலை பாறையின் அடியை அரித்துக் குடைகிறது, மேலே தொங்குகிற பகுதி தாங்காமல் ஒருநாள் இடிந்து விழுகிறது, சுவர் ஓரடி பின்வாங்குகிறது, முன்னால் தட்டையான மேடை மிஞ்சுகிறது, பிறகு அலை மறுபடி தொடங்குகிறது. கடல் விலகிப்போய் அலை எட்டாத சுவரை ஒலு ஃபலெஸ் என்பார்கள், செத்த ஃபலெஸ். துருக்கியில் கருங்கடல் பக்கமும் மத்தியதரைக் கடல் பக்கமும் மலைகள் கரைக்கு இணையாக ஓடுகின்றன, அதனால் பல இடங்களில் மலையே நேராகத் தண்ணீரில் இறங்குகிறது, ஃபலெஸ் அதிகம். ஏஜியன் பக்கம் மலைகள் கரைக்குக் குறுக்காக வந்து முட்டுகின்றன, நடுவே ஆறுகள் கொண்டுவந்த வண்டல் சமவெளி, அங்கே ஃபலெஸ் குறைவு. அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்காக உருப்போடுகிற பாடம் இது.

யலுயர் என்பதும் ஃபலெஸின் பொருளேதான். யலு என்றால் கடற்கரை. இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் நீரிணை ஓரத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பழைய மர மாளிகைகளையும் யலு என்றுதான் சொல்கிறார்கள். அதோடு யர் சேர்ந்தது. பாடநூலில் பார்க்கலாம், பேச்சில் அரிது. நீங்கள் பாடநூல் மொழிபெயர்க்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

அந்த யர் மட்டும் தனியாக வந்தால் பழைய, நாட்டுப்புற மணம் உள்ள சொல். செங்குத்தான கரை, ஆறு அரித்த மண்சுவர், மலைவிளிம்பு எல்லாம் அடக்கம். துருக்கிய மொழிக் குடும்பம் முழுக்கப் பரவிய சொல் இது, அங்கிருந்து ரஷ்ய, உக்ரைனிய மொழிகளுக்கும் போயிருக்கிறது. கியிவ் நகரின் பாபி யர் பள்ளத்தாக்கின் பெயரிலும், சைபீரியாவில் 1628இல் கோட்டையாகத் தொடங்கிய கிராஸ்நயார்ஸ்க் நகரின் பெயரிலும் இருப்பது இந்த யர்தான். இந்தச் சொல்லை உயிரோடு பார்க்க ஒரு பழமொழி போதும்: தெவெயி யர்தன் உச்சுரன் பிர் துத்தம் ஒத்துர். ஒட்டகத்தை மலைவிளிம்பிலிருந்து பறக்கவிட்டது ஒரு பிடி புல். அற்ப ஆசைக்காக ஆளே அழிவதைச் சொல்வது. இதில் யரும் இருக்கிறது, உச்சுரும் பிறந்த அந்த உச்சுர் வினையும் இருக்கிறது, விழுவதைப் பறப்பது என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. ஐந்து சொற்களையும் பட்டியலாக உருப்போடுவதைவிட இந்த ஒரு பழமொழியைப் படித்துவைத்தால் அதிகம் புரியும் என்பது என் எண்ணம்.

யர் என்பதில் ஓர் எச்சரிக்கை. உயிரை நீட்டி யார் என்றால் காதலர், பாரசீகத்திலிருந்து வந்த சொல், பாட்டுகளில் எல்லாம் கொட்டிக்கிடக்கும். எழுத்தில் மேலே கூரைக் குறி போட்டு வேறுபடுத்துவார்கள், ஆனால் அந்தக் குறியைப் போட மறப்பவர்கள் ஏராளம். ஆகப் பாட்டு வரியில் யர் வந்தால் மலை என்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு முறை யோசியுங்கள், பெரும்பாலும் ஆள்தான்.

பன்மை எளிது. சொல்லின் கடைசி உயிர் அ, உ வகையாக இருந்தால் லர், எ, இ வகையாக இருந்தால் லெர்: உச்சுரும்லர், கயலுக்லர், யர்லர், ஆனால் ஃபலெஸ்லெர். முன்னால் எண் வந்தால் பன்மை விகுதி கூடாது. இரண்டு மலை என்று நாம் பேச்சில் சொல்வதுபோல் இகி உச்சுரும் என்றே விட வேண்டும். இகி உச்சுரும்லர் என்று எழுதினால் ஆங்கிலம் வழியாக வந்தவர் என்று உடனே தெரிந்துவிடும். கயலுக் மட்டும் ஒருமையில் உயிரெழுத்தில் தொடங்கும் வேற்றுமை உருபு ஏறும்போது கடைசி க் கரைந்து முன்னால் உள்ள உயிர் நீண்டுவிடும், பழகும் வரை பன்மையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது நடுவில் மாட்டிக்கொள்வதால் மாறாது.

இடப்பெயர்களில் இன்னொரு சங்கதி. ஊர்ப்பெயர் முன்னால் வந்தால் பின்னால் உள்ள சொல்லுக்கு உடைமை விகுதி ஒன்று சேரும்: அந்தாலியா ஃபலெஸ்லெரி, மோஹெர் கயலுக்லரு. கடைசியில் அந்த இ, உ இல்லாமல் எழுதினால் துருக்கியர் காதுக்கு ஏதோ விட்டுப்போனதுபோல் கேட்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் 214 மீட்டர் வரை உயரும் மோஹெர் பாறைகளைச் சிலர் கயலுக் என்கிறார்கள், சிலர் உச்சுரும் என்கிறார்கள், இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. சுமார் 110 மீட்டர் உயரமுள்ள டோவரின் வெண்சுண்ணப் பாறைகளுக்கு நான் பெயஸ் கயலுக்லரு என்றுதான் போடுவேன். பெயஸ் என்றால் வெள்ளை, கடலிலிருந்து கப்பலில் வருகிறவன் கண்ணில் படுகிற காட்சி அது, உச்சுரும் என்றால் அந்த வெள்ளை காணாமல் போய்விடும். கிளிஃப் என்பது ஆள்பெயராக வந்தால் சொல்லவே வேண்டாம், அப்படியே விடுங்கள். தானியங்கி மொழிபெயர்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் மலைவிளிம்பு ரிச்சர்ட் ஆகிவிடக்கூடும்.

ஆங்கிலத்தில் பக்கத்துச் சொற்கள் சில வரும். பிளஃப் என்று ஆற்றங்கரை மேட்டைச் சொன்னால் யர் நன்றாகப் பொருந்தும், சீட்டாட்டத்தில் வருகிற ஏமாற்று பிளஃபுக்கு வேறு சொல் இருக்கிறது, இயந்திரம் அதைக் கொண்டுவந்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரடுமுரடான செங்குத்துப் பாறையைச் சொல்லும் கிராக் (crag) என்றால் சர்ப் கயலுக். வெறும் மலைச்சரிவுக்கு யமச். ஓலுதெனிஸ் என்ற கடலோர ஊருக்கு மேலே பபதாக் மலையிலிருந்து குதித்துப் பறக்கிறார்களே, அந்தப் பாராகிளைடிங்குக்கு யமச் பரஷுத்து என்று பெயர், சரிவுப் பாராசூட் என்று பொருள், உச்சுரும் அங்கே வராது. பாறையேறுபவர்கள் பேச்சு இன்னும் தனி. அவர்கள் ஏறுகிற பாறை முகத்தைத் துவர் என்பார்கள், சுவர் என்று பொருள், நம் காதுக்கும் பழக்கமான ஒலி. 3,756 மீட்டர் உயரமுள்ள தெமிர்கசுக் சிகரத்தின் வடக்கு முகத்தைக் குசெய் துவரு, அதாவது வடக்குச் சுவர், என்கிறார்கள். மலையேற்றக் கட்டுரையில் கிளிஃப் என்று வந்து, ஏறுவதைப் பற்றிப் பேசினால் துவர் பக்கம் போங்கள்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க இரண்டு வேலை செய்யுங்கள். 1932இல் தொடங்கிய துருக்கிய மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் சொல்லைப் போட்டு விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள். அப்புறம் அதே சொல்லைப் படத் தேடலில் போடுங்கள். உச்சுரும் என்றால் விளிம்பில் நிற்கும் ஆட்களும் கீழே ஆழமும், ஃபலெஸ் என்றால் அந்தாலியாவும் நீலக் கடலும், கயலுக் என்றால் அலையடிக்கிற தாழ்ந்த பாறைகளும் மலைச்சுவர்களும் கலந்து வரும். உங்கள் மனதில் உள்ள படம் எதில் இருக்கிறதோ அதுதான் சொல். எதிலும் ஒட்டவில்லை, நேரமும் இல்லை என்றால் திக் கயலுக் என்று போட்டுவிடுங்கள். செங்குத்தான பாறை என்று மட்டும்தான் அதற்குப் பொருள், கடலோரமானாலும் மலையானாலும் படிப்பவர் எங்கும் இடறமாட்டார்.